செயல்முறையைச் சீர்செய்ய மூன்று வழிகள்: எந்தக் குழுவுக்கு எது?

ஒரு வேலை அலுவலகத்துக்குள் வந்து முடிந்து வெளியேற ஒன்பது நாள் ஆகிறது. அதை நான்கு நாளாகக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. இந்தப் பொறுப்பு ஒரு குழுத் தலைவரின் கைக்கு வந்த மறுநாளே அவர் முன் மூன்று யோசனைகள் வந்து நிற்கும். குழுவில் நெடுநாளாக இருப்பவர்கள், இப்போதுள்ள முறையிலேயே சிறுசிறு திருத்தங்கள் செய்தால் போதும் என்பார்கள். மேலிடத்தில் ஒருவர், இந்த முறையே கோளாறு, முழுவதையும் அடியிலிருந்து மாற்றுங்கள் என்பார். கணினிப் பிரிவினர், நல்ல மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டால் பாதி வேலை தானாக நடந்துவிடும் என்பார்கள். மூவருமே அக்கறையுடன்தான் சொல்கிறார்கள், மூவர் சொல்வதும் ஏதோ ஒரு சூழலில் சரியாகவே இருக்கும். எந்தச் சூழலில் எது சரி என்பதை நேரம் எங்கே வீணாகிறது என்பதும், குறையைக் கண்டவர் அதை வாய்விட்டுச் சொல்லும் நிலை குழுவில் இருக்கிறதா என்பதும்தான் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. தலைவரின் விருப்பு வெறுப்புக்கோ, அந்த ஆண்டு எந்த முறை பிரபலமாக இருக்கிறது என்பதற்கோ இதில் இடமே கொடுக்கக் கூடாது.

முதலில் ஒரு பில்லின் பின்னால் நடந்து பாருங்கள்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சப்ளையர் ஒருவர் அனுப்பிய பில்லை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை அது மின்னஞ்சலில் வருகிறது. திறந்து பதிவு செய்ய ஆறு நிமிடம் போதும். ஆனால் அந்த அஞ்சலைப் பார்க்க வேண்டியவர் மறுநாள்தான் திறக்கிறார். பர்ச்சேஸ் ஆர்டருடன், அதாவது பொருள் கேட்டு நாம் சப்ளையருக்கு அனுப்பிய ஆணையுடன், ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம். பில்லில் ஆர்டர் எண் இல்லாததால் அது சப்ளையருக்கே திரும்பிப் போய், திருத்தி வருவதற்குள் வியாழன் ஆகிவிடுகிறது. மேலாளர் பார்த்து ஒப்புதல் தர இரண்டு நிமிடம். அவர் வேறு வேலைகளில் இருப்பதால் அடுத்த செவ்வாய் வரை அவருடைய பட்டியலிலேயே கிடக்கிறது. பணம் அனுப்ப ஐந்து நிமிடம். புதன்கிழமைகளில் மட்டுமே பணம் அனுப்புவது என்ற வழக்கம் இருப்பதால் புதன் வரை காத்திருக்கிறது. ஒன்பது நாள் கடந்த இந்தப் பயணத்தில் யாராவது அந்தப் பில்லைக் கையில் எடுத்து வேலை செய்த நேரம் மொத்தம் இருபத்து மூன்று நிமிடம்.

இப்படி நிமிடக் கணக்குடன் எழுதிப் பார்த்தவுடன், கணக்குப் பிரிவினர் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்ற புகார் அடிபட்டுப் போகிறது. அவர்கள் அத்தனை பேரும் இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்தாலும் மிச்சமாவது பன்னிரண்டு நிமிடத்துக்கும் குறைவுதான். மீதி முழுவதும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பும் ஒரே வகையானது அல்ல: ஆர்டர் எண் இல்லாமல் திரும்பியது பிழையால் வந்த தாமதம், மேலாளரிடம் கிடந்தது அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்ததால் வந்த தாமதம், புதன்கிழமைக்காகக் காத்திருந்தது, யாரோ எப்போதோ ஏதோ காரணத்துக்காக வகுத்த ஒரு விதியால் வந்த தாமதம். மூன்றுக்கும் மருந்து வேறு.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. சீராக ஓடும் எந்த ஏற்பாட்டிலும், உள்ளே தேங்கியிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரி நாள் கிடைக்கும் என்பதை அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பில் முடிகிறது, அறுபது பில் தேங்கியிருக்கிறது என்றால், ஒரு பில் சராசரியாக ஐந்து நாள் உள்ளே இருக்கும். நாள் குறைய வேண்டுமானால் தேக்கம் குறைய வேண்டும். தேக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு எல்லோரையும் அவசரப்படுத்துவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆட்களை முழு நேரமும் வேலையில் அமிழ்த்தி வைப்பதும் தேக்கத்தைக் கூட்டவே செய்யும். ஒருவரே கவனிக்கும், வேலைகள் ஒழுங்கற்று வந்து சேரும் வரிசையின் எளிய கணித மாதிரியை எடுத்துக்கொண்டால், அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது வருகிற வேலை, ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல நான்கு மடங்கு வரிசையில் நிற்கிறது. 90 சதவீதத்தில் அது ஒன்பது மடங்கு, 95 சதவீதத்தில் பத்தொன்பது மடங்கு. ஒப்புதல் தரும் மேலாளரின் நாட்காட்டியில் இடைவெளியே இல்லாத அலுவலகங்களில் கோப்புகள் ஏன் நகர்வதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

சிறுகச் சிறுகத் திருத்துவது

முதல் வழி, வேலையைச் செய்கிறவர்களே அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டு போவது. ஜப்பானில் கைசன் என்ற பெயரில் வளர்ந்து, டொயோட்டாவின் உற்பத்தி முறையில் முழு வடிவம் பெற்றது இது. அங்கே வேலை வரிசையில் நிற்கும் எவரும் கோளாறு கண்டால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் வந்து நிற்பார். அந்த நிலைக்குரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். கயிற்றை இழுத்தவரிடம் ஏன் இழுத்தாய் என்று எவரும் சீறுவதில்லை.

இந்த முறை ஜப்பானியப் பண்பாட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்று சொன்னவர்களுக்குப் பதில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தரக் குறைவுக்கும் தொழிலாளர் தகராறுகளுக்கும் பேர்போன தன் ஆலையை அங்கே 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோர், அதே தொழிற்சங்கத்துடன், திரும்ப எடுக்கப்பட்டார்கள். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். ஆள் அதே ஆள், ஆனால் சொல்லாமல் வேலைக்கு வராமல் இருப்பது சரசரவெனக் குறைந்தது, தயாரித்த கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்கு அருகில் வந்தது. குழுத் தலைமை ஏற்கும் எவரும் இந்த ஓர் எடுத்துக்காட்டையாவது ஊன்றிப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன், ஏனென்றால் "என் குழுவில் இருக்கும் ஆட்களே சரியில்லை" என்ற பேச்சுக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கயிற்றை மாட்டுவது எளிது. அதை இழுத்தால் தண்டனை இல்லை என்று நம்ப வைப்பதுதான் கடினம்.

இந்த வழியின் பலம், செலவு குறைவு, தவறு நேர்ந்தால் மறுநாளே பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது. பில் எடுத்துக்காட்டில், ஆர்டர் எண் இல்லாத பில்கள் எந்தெந்தச் சப்ளையர்களிடமிருந்து வருகின்றன என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, அவர்களுக்கு மட்டும் ஒரு கடிதமும் மாதிரிப் பில்லும் அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரக்கூடும். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பலவீனம், குழுவின் எல்லைக்கு அப்பால் இது செல்லாது என்பது. புதன்கிழமை விதியை வகுத்தது நிதித் துறை என்றால், கணக்குப் பிரிவு எத்தனை முறை கூடி யோசித்தாலும் அந்த விதி நகராது.

தொடக்கத்தில் தலைவரைக் குழப்பும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அந்தக் குழுக்களில் பிழையை மறைக்க வேண்டிய அச்சம் குறைவாக இருந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். உங்கள் குழுவிலும் திருத்தம் தொடங்கிய முதல் மாதத்தில் பிழைப் பட்டியல் நீளும். அதைக் கண்டு முகம் சுளிக்கும் தலைவருக்கு இரண்டாம் மாதத்தில் குட்டையான பட்டியல் ஒன்று வரும். அது உண்மையாக இருக்காது.

அடியிலிருந்து மாற்றுவது

இரண்டாம் வழிக்கு மறுவடிவமைப்பு என்று பெயர். 1990-இல் அமெரிக்க மேலாண்மைச் சிந்தனையாளர் மைக்கேல் ஹேமர் எழுதிய கட்டுரை இதை உலகமெங்கும் பரப்பியது. அவர் காட்டிய எடுத்துக்காட்டு நம் பில் கதையைப் போன்றதே. ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பகுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ரசீது, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதிலும், ஒத்துப்போகாதபோது காரணம் தேடுவதிலுமே அவர்களுடைய நேரம் கழிந்தது. புதிய கணினி ஏற்பாட்டைக் கொண்டுவந்தால் இருபது சதவீத ஆட்களைக் குறைக்கலாம் என்று முதலில் திட்டமிட்டார்கள். பிறகு, தாங்கள் பங்கு வாங்கியிருந்த மஸ்தா நிறுவனத்தில் இதே வேலையை ஐந்து பேர் செய்வதைப் பார்த்தார்கள். மஸ்தா சிறிய நிறுவனம் என்பதைக் கணக்கில் எடுத்த பின்னும் வித்தியாசம் மலைக்க வைத்தது. ஃபோர்டு பில்லையே ஒழித்தது: சரக்கு வந்து இறங்கும் இடத்தில் இருப்பவர் தரவுத்தளத்தில் ஆர்டரைப் பார்த்து, பொருந்தினால் பெற்றுக்கொள்வார், பணம் தானாகப் போகும், பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பும். ஆட்களின் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது. இருபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையிலான தூரம்தான், இருக்கும் வேலையை விரைவுபடுத்துவதற்கும் அந்த வேலையே தேவையா என்று கேட்பதற்கும் உள்ள தூரம்.

ஐபிஎம் நிறுவனத்தின் கடன் பிரிவில் நடந்ததும் இதே வரிசையில் வருகிறது. வாடிக்கையாளருக்குக் கடன் விலைப்புள்ளி (கடன் எந்த நிபந்தனைகளில் கிடைக்கும் என்ற பதில்) தர அங்கே சராசரியாக ஆறு நாள் ஆனது. மேலாளர்கள் இருவர் ஒரு விண்ணப்பத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மேசை மேசையாகச் சென்று, கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். மொத்த வேலையும் 90 நிமிடத்தில் முடிந்தது. பிறகு துறைவாரியான நிபுணர்களின் இடத்தில், ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே பார்க்கும் ஏற்பாட்டைச் செய்து, ஆறு நாளை நான்கு மணி நேரமாக்கினார்கள். கடினமான விண்ணப்பங்களுக்கு மட்டும் நிபுணர்களின் துணை வைத்துக்கொள்ளப்பட்டது.

இந்த வெற்றிகளைக் கேட்கும்போது எல்லாவற்றையும் உடனே அடியோடு மாற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் இத்தகைய முயற்சிகளில் 50 முதல் 70 சதவீதம் வரை எதிர்பார்த்த பெரும் பலனைத் தருவதில்லை என்று 1993-இல் ஹேமரும், அவருடன் சேர்ந்து மறுவடிவமைப்பு பற்றிப் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் சாம்பியுமே மதிப்பிட்டார்கள். முறைப்படி கணக்கெடுத்த எண் அல்ல என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தன் பொறியியல் பின்புலத்தால் மனிதர்கள் பக்கத்தைப் போதிய அளவு மதிக்கத் தவறியதாக ஹேமர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1990-களில் மறுவடிவமைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஊழியர்கள் ஆட்குறைப்பு என்று புரிந்துகொள்ளும் நிலை வந்தது. அப்படிப் புரிந்துகொண்ட குழு, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை வரைபடம் போட வருபவரிடம் சொல்லாது; விதிப்புத்தகத்தில் உள்ளதை ஒப்பிக்கும். ஒப்பித்ததை நம்பி வரைந்த புதிய முறை முதல் வாரத்திலேயே தடுக்கி விழும்.

ஆகவே இந்த வழிக்கு இரண்டு முன்தேவைகள் உண்டு. செயல்முறை கடந்து செல்லும் எல்லாத் துறைகளின் மேலும் அதிகாரம் உள்ள ஒருவர், பெயருக்கு ஒப்புதல் தருவதோடு நில்லாமல், வாரந்தோறும் அதில் நேரம் செலவிட வேண்டும். மற்றொன்று, ஆட்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு முதல் கூட்டத்திலேயே நேரான பதில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நடுத்தர நிலைக் குழுத் தலைவர் இந்தப் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே நல்லது.

மென்பொருளிடம் ஒப்படைப்பது

மூன்றாம் வழியைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது: இது பெரும்பாலும் சரியான கருவி, பெரும்பாலும் தவறான நேரத்தில் வாங்கப்படுகிறது. நம் பில் கதையில் ஒரு மென்பொருள், மேலாளருக்கு நாள்தோறும் நினைவூட்டல் அனுப்பும். அவர் பட்டியலில் ஏற்கெனவே நூறு நினைவூட்டல்கள் இருக்கும். புதன்கிழமை விதியை அது மிகத் துல்லியமாகக் கடைப்பிடிக்கும். மாற்ற எளிதாக இருந்த ஒரு பழக்கம், மென்பொருளுக்குள் போன பிறகு, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்து மாற்ற வேண்டிய அமைப்பாக இறுகிவிடும்.

டெஸ்லா நிறுவனம் மாடல் 3 காரின் உற்பத்தியில் தானியங்கிகளை அளவுக்கு மீறிப் புகுத்தியது தவறு என்றும், மனிதர்களின் மதிப்பு குறைத்து எடைபோடப்படுகிறது என்றும் அதன் தலைமை அதிகாரி ஈலான் மஸ்க் 2018 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதினார். சிக்கலான கன்வேயர் அமைப்பு ஒன்றையே அவர்கள் கழற்றி எறிய நேர்ந்தது. பணத்துக்கும் பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லாத இடத்திலேயே இப்படி என்றால், சிறிய அலுவலகம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

விதிகள் நிலைத்துவிட்ட, எண்ணிக்கை மிகுந்த, விதிவிலக்குகள் குறைந்த வேலைக்கு மென்பொருளைப் போல உதவுவது வேறில்லை. ஃபோர்டிலும் தரவுத்தளம் இல்லாமல் அந்த மாற்றம் நடந்திருக்காது. ஆனால் எதை நீக்குவது என்று முடிவுசெய்த பிறகு அது வந்தது. வாங்கலாமா என்று தயங்கும் தலைவர், சென்ற மாதத்துக் கோப்புகளில் வழக்கமான பாதையில் நேராகப் போனவை எத்தனை, யாரோ ஒருவர் தொலைபேசியில் பேசியோ தனியாக எக்செல் தாளில் குறித்தோ நகர்த்தியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாம் வகை அதிகமாக இருந்தால், வேலை இன்னும் ஆட்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அதை எழுத்துக்குக் கொண்டுவராமல் மென்பொருளுக்குக் கொண்டுபோக முடியாது.

தலைமை செய்யும் வித்தியாசம்

இந்த மூன்றில் எதை எடுத்தாலும், அறிமுகம் செய்யும் விதமே பலனைப் பாதி தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. முடிவுகள் 2009-இல் வெளியாயின. பிறகு கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இத்தகைய பட்டியல் பரவலாக நடைமுறைக்கு வந்தது. 101 மருத்துவமனைகளின் தரவை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காணவில்லை. இந்த முரண்பாட்டுக்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. எனக்கு ஏற்புடையது, முதல் இடங்களில் பட்டியலுடன் பயிற்சியும் குழுப் பேச்சும் சேர்ந்து வந்தன, மேலிருந்து உத்தரவாக வந்த இடத்தில் கட்டங்களில் டிக் அடிப்பது மட்டுமே வேலையாகிப்போகும் என்ற விளக்கம்.

குழுக் கூட்டத்தில் இதை நேரில் பார்க்கலாம். "இந்தப் பில் ஏன் நின்றது?" என்று தலைவர் கேட்கிறார். இளையவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "சார், ஒப்புதலுக்கு உங்களிடம் அனுப்பி நான்கு நாள் ஆகிறது" என்கிறார். அடுத்த அரை நிமிடத்தில் தலைவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எனக்கு ஒரு போன் செய்திருக்கலாமே" என்றால், பழி இளையவர் மேல் விழுந்தது, இனி அவர் பேச மாட்டார். "அப்படியானால் எந்தத் தொகைக்குக் கீழே என் ஒப்புதலே தேவைப்படாது என்று பார்ப்போம், சென்ற மாதப் பில்களை எடுங்கள்" என்றால், அந்த நொடியிலேயே ஒரு படி குறைந்தது.

அப்படியானால் எதை எடுப்பது?

தாமதம் பெரும்பாலும் பிழைகளாலும் திருப்பி அனுப்புவதாலும் வருகிறது, காரணங்கள் குழுவின் கைக்குள் இருக்கின்றன என்றால் முதல் வழியே போதும். வேறு எதையும் தேட வேண்டாம். தாமதம் துறைகளுக்கு இடையே கைமாறும் இடங்களில் குவிந்திருந்தால், அதிகாரம் உள்ளவர் உடன் நிற்கும் பட்சத்தில், இரண்டாம் வழிக்குப் போகலாம். வேலை நேரமே அதிகம், ஒரே வேலை ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மட்டுமே மென்பொருளை முதலில் நினைக்க வேண்டும். குழுவில் பேச்சுரிமை இல்லை என்றால், தாமதம் எங்கே இருந்தாலும், முதல் வழியில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் தேவையான உண்மைத் தகவல் அந்தப் பழக்கம் வந்த பிறகே கிடைக்கும். அவசரம் அதிகம், அதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லப்படும் இடங்களில்தான் இதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

வெளி ஆலோசகரை வைத்துக்கொள்வதா, உள்ளிருப்பவரே நடத்துவதா என்ற கேள்வியும் எழும். அளப்பதற்கும் பிற நிறுவனங்களின் அனுபவத்தைச் சொல்வதற்கும் ஆலோசகர் உதவுவார். முடிவெடுத்து நடத்துவது அந்தக் குழுவுடன் தொடர்ந்து இருக்கப் போகிறவரின் வேலை.

எந்த வழியானாலும் ஒரே ஒரு வகைக் கோப்பில், ஒரு மாதத்துக்கு மட்டும் சோதனையாகத் தொடங்குங்கள். எந்த எண் எவ்வளவு மாறினால் தொடர்வது, எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்; பின்னால் எழுதினால் கிடைத்த பலனுக்கு ஏற்றபடி அளவுகோல் வளைந்துவிடும். ஒரு படியை நீக்குவதாக முடிவானால், இத்தனை நாள் அந்தப் படியில் வேலை பார்த்தவருக்கு இனி என்ன வேலை என்பதை, அது அறிவிப்புப் பலகைக்கு வருவதற்கு முன் அவரிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்த முறை எந்தப் படி தேவையற்றது என்று கேட்கும்போது குழுவில் உள்ளவர்கள் பதில் சொல்வார்களா என்பது அந்த உரையாடல் எப்படி நடந்தது என்பதைப் பொறுத்தது.